முத்து உதிர்ந்த புரோச்

என் வீட்டை ஆளும் உனக்கு,

நேற்று ஓர் உடைந்த புரோச்சைச் சரிசெய்து கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதலில், உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

அதைக் கடைக்குக் கொண்டுவந்த அம்மாளுக்கு என் வயதிருக்கும். சால்வையில் குத்துகிற அந்தப் பின்னில் முத்தெல்லாம் உதிர்ந்து, வளைந்த ஊசிதான் மிஞ்சியிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

“இதுல என்னம்மா மிச்சமிருக்கு? புதுசா ஒண்ணு பாருங்க” என்றேன்.

“நான் மொழிப்பாடம் நடத்துறவ. புரோச்னா ஆதியில குத்தூசின்னுதான் அர்த்தம். முத்தும் பூவும் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. இது என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. நாளைக்கு அவரை அடக்கம் பண்றோம். ஊசி நின்னாப் போதும்.”

இத்தனை வருஷம் பூவைக் காட்டியே விற்றவன் நான். ஊசியை நிமிர்த்திக் கொடுத்தேன். சால்வையில் குத்திப் பார்த்தார். நின்றது.

இதைக் கொண்டுவரும் பக்கத்து அறைக்காரர் திரும்பும்போது, உன் வளையலில் தொங்கும் ஊக்கில் இரண்டு கொடுத்தனுப்பு. கடை நிறைய ஊசி இருக்கிறதே என்று சிரிக்காதே. பொத்தான் அறுந்த சட்டைக்கு உன்னுடையதுதான் வேண்டும்.

அவர் பெட்டியோடு நிற்கிறார், முடிக்கிறேன். “எவ்வளவு வாங்கினீங்க?” என்றுதானே கேட்பாய்? வேண்டாம் என்றேன், அந்த அம்மாள் விடவில்லை. ஒரு டீக்காசுக்குப் பேசி முடித்தோம்.