சேகர் அடித்து வைத்த காற்று

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

காலையிலிருந்து தூறல். பாலசமுத்திரத்திலிருந்து மலை தெரியவில்லை.

கொழுந்தன் சேகர் போன துக்க வருஷம் முடிந்து முதல் பூஜை. போன தடவை விளக்கோடு சரி. இந்தத் தடவை ஒன்று விடாமல் கழுவினேன். அரிவாள்மனை, மிக்சி, வீட்டுக்காரர் தண்ணீருக்குள் இறங்குகிற சாமான்: கயிறு, முகமூடி, மூச்சுக்குழாய், மூன்று சிலிண்டர். சிலிண்டரில் ஒட்டியிருந்த டேப்பை உரித்து, சோப்புப் போட்டு, சந்தனம், குங்குமம்.

சாயங்காலம் இவர் பார்த்தார்.

“ஏ புள்ள, டேப்பு எங்க?”

“பூசைக்கு உரிச்சேங்க.”

“எது எப்ப அடிச்சதுன்னு அதுலதான எழுதியிருந்துச்சு. இப்ப மூணும் மொழுமொழுன்னு ஒண்ணு போல நிக்குது.”

இரண்டு, போன வாரம் மதுரையில் காற்று அடித்தவை. ஒன்று சேகர் அடித்து வைத்தது. அவன் மழைக்காலத்துக்கு முன்னால் இரண்டு அடித்து மூலையில் வைத்திருந்தான். மூன்று மாதம் கழித்து, மழைக்காலம் முடிந்ததும், ஒன்றை மாட்டிக்கொண்டு கிணற்றில் மோட்டார் எடுக்க இறங்கினான். பிணமாகத்தான் வந்தான். நீரில் மூழ்கி என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். மற்றதைத் திறக்க யாருக்கும் மனசு வரவில்லை.

சுண்டல் மீந்துவிட்டது.

17, வெள்ளி

வெள்ளனே போன். மேல்மலை ஏரி ஒன்றில் கல்லூரிப் பையன், இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை. ஜீப் வாசலில்.

சேகருக்குப் பிறகு வாங்கிய ஆக்சிஜன் மீட்டரை வாசற்படியில் வைத்து 20.9க்குத் திருத்தினேன். வெறும் காற்று அவ்வளவுதான் காட்ட வேண்டும். சிலிண்டரைப் பார்க்க நேரமில்லை. “மேல போயிப் பாத்துக்கிடலாம், ஏறு” என்றார். கயிறு பிடிக்க இப்போதெல்லாம் நான்தான்.

ஏரியில் பனி. கை விறைப்பு. பையனின் அப்பா கரையில், பையனுடைய செருப்பைக் கையில் பிடித்தபடி.

முதல் சிலிண்டர் (சி.1) வால்வைத் திறந்து மீட்டரைக் காட்டினேன். 16.5. இவர் முகம் மாறிவிட்டது.

“கம்மியால்ல காட்டுது. இது சேகர் அடிச்சதா, மதுரைக்காரன் அடிச்சதா?”

பையனின் அப்பா, “அம்மா, வெரசா எறங்கச் சொல்லுங்கம்மா” என்றார்.

மீட்டரை வெறும் காற்றில் நீட்டினேன். அங்கேயும் 16.5. கீழே திருத்தியது. மேலே காற்று மெலிசு, அதனால் குறைத்துக் காட்டுகிறது. சிலிண்டரில் கோளாறில்லை.

“அட முருகா” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கேயே மறுபடி 20.9க்குத் திருத்தினேன்.
சி.1 – 20.9
சி.2 – 8
சி.3 – 20.9

சி.2ஐ மூன்று தடவை பார்த்தேன். 8தான். இவர் வால்வை முழுக்கத் திறந்துவிட்டார். காற்று வெகுநேரம் போனது. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் செம்மண் மாதிரி துரு, கொஞ்சம் தண்ணீர்.

“துரு தின்னுருச்சு. இருந்த ஆக்சிஜன அம்புட்டையும் துரு தின்னுருச்சு” என்றார். பிறகு, “அவன் மாட்டுனதும் இதே நாள் அடிச்சதுதான்.”

சி.1 மாட்டி இறங்கினார். பையன் பாறைச் சந்தில் இருந்தான்; கரைக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். அந்த அப்பா அழவில்லை. செருப்பைப் பக்கத்தில் வைத்தார்.

மலை இறங்கும் வழியில் பூண்டு வாங்கினேன். வீட்டில் பூண்டு இருக்கிறது.

18, புரட்டாசிச் சனி

பெருமாளுக்கு மாவிளக்கு. உளுந்து வடை உப்புக் கூடிவிட்டது.

சேகர் பெண்டாட்டி வள்ளி மத்தியானம் வருகிறேன் என்றிருந்தாள். வருஷம் பூராவும் ஒரே கேள்விதான் கேட்டாள்: “மீனாட்டம் நீந்துறவரு எப்படிக்கா முழுகுவாரு?” இவர், “நீயே சொல்லிரு, எனக்கு வாய் வராது” என்று தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பாதிச் சோற்றில் அவளே கேட்டாள்.

“என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா கெடக்கு?”

சொன்னேன். சிலிண்டர், துரு, எட்டு, மயங்கித்தான் முழுகியிருப்பான் என்பது. அவன் மேல் தப்பில்லை என்பதையும்.

கை சோற்றிலேயே இருந்தது. பிறகு கேட்டாள்.

“அப்ப, தவிச்சிருக்க மாட்டாருல்லக்கா? தூக்கம் வந்தாப்பலதான போயிருக்கும்?”

எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன்.

தலையை ஆட்டினாள். “கொஞ்சம் ரசம் ஊத்துங்க” என்றாள்.

ஊற்றினேன்.