கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தானுக்கு

என் அன்பு அத்தான்,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்திலே எல்லோரும் எழுதினார்கள். நான் மட்டும் எழுதவில்லை. போகிற இடமெல்லாம் வாய் ஓயாமல் கதைக்கிறவன், சொந்த அக்காவின் புருசனுக்கு நாலு வரி எழுத வக்கில்லாமல் இருந்தேன். இப்போது ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்கு அடிக்கிற மலரில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனால் ஊரே எட்டிப் பார்த்து வாசிக்கும். அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். அக்கா சுகம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறா. உப்பில்லாமல் உருளைக்கிழங்கு அவிப்பது பாவம் என்று ஒரே புறுபுறுப்பு. உங்கள் கறுத்த குளிர்ச்சட்டை இன்னமும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. எனக்குத் தரப் பார்த்தா. நான் வாங்கவில்லை. அதைத் தொடவே எனக்குக் கை கூசியது.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அகதிகள் விடுதிகளுக்கு இந்த நாட்டில் எங்கெங்கோ தீ வைத்துக்கொண்டிருந்த மாரிக் குளிர்காலம் அது. இந்த நகரத்து ரயில் நிலையத்தில் பொலிஸ் நின்று கறுத்த தலைகளை மட்டும் மறித்தது. வெள்ளைக்காரர் பக்கத்தால் போய்க்கொண்டே இருப்பார்கள். நீங்கள் தமிழ்க்கடையில் வாங்கிய தேங்காயும் முருங்கைக்காயுமாகப் படியால் இறங்கி வந்தீர்கள். யூனிபோர்மைக் கண்டதும், அவர்கள் வாய் திறக்க முதலே, உங்கள் கை சட்டையின் உள்பொக்கற்றுக்குள் போய்விட்டது.

நம்முடைய ஆட்களுக்கு அது பழக்கம். ஊரில் ஆமி மறிக்கிற சென்றியில் அடையாள அட்டையைக் கேட்கும்வரை நிற்கிறவனுக்குத்தான் அடி விழும். முந்தி எடுத்து நீட்டுகிறவன் வீட்டுக்குப் போய்ச் சேருவான். இங்கே எல்லாம் தலைகீழ். கேட்காமல் உள்ளே கை விட்டால் கத்தி எடுக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். காது சிவந்த ஒரு பொலிஸ்காரன் உங்களைப் பிடித்துச் சுவரோடு மோதினான். அட்டை கீழே விழுந்து கிடந்ததைக் கண்ட பிறகும் கையை முறுக்கினான். தோள்மூட்டு உடைந்தது. தேங்காய் படிப்படியாகக் குதித்துப் போனதை மாத்திரம் நீங்கள் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள்.

உங்களைக் கூட்டிப்போக என்னைக் கூப்பிட்டதும் பொலிஸ்தான். அந்த நேரம் இந்த நகரத்தில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளன் என்றால் நான் ஒருவன்தான். நகரசபையும் கூப்பிடும், பொலிசும் கூப்பிடும். அதுதான் என் சோறு. சிவத்த காதுக்காரன் வாசலில் நின்று பாண் தின்றுகொண்டிருந்தான். அடுத்த முறை சட்டைக்குள் கை விட்டால் தோளோடு நிறுத்த மாட்டேன் என்று அவனுக்குச் சொல்லிவை என்றான். தோளை உடைத்தது தான்தான் என்று தன் வாயாலேயே என்னிடம் சொன்னான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, அத்தான்? சிரித்தேன். சிரித்து, "டாங்கே" என்று சொன்னேன். நீங்கள் எனக்குப் பின்னால் கையைத் தாங்கிக்கொண்டு நின்றீர்கள். நான் நன்றி சொன்னது உங்களுக்குக் கேட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

விசயம் மேயரின் காதுக்குப் போனது. நகரசபையில் வெளிநாட்டவர் பகுதிக்குப் பொறுப்பான பெண் அதிகாரி பிரௌ லீண்ட்னர்தான் கொண்டுபோனார். மெழுகுதிரி ஊர்வலத்தில் மேயர் நகரசபைப் படியில் ஏறி நின்று, எங்கள் நகரத்து மனிதன் ஒருவனின் தோளை உடைத்தது யார் என்று எனக்குத் தெரியவேண்டும் என்றார். எங்கள் நகரத்து மனிதன். அந்தச் சொல்லுக்கு நம்முடைய பெண்கள் எல்லாம் அழுதார்கள். நானும் அழுதேன், சும்மா ஏன் பொய் சொல்வான்.

பொலிஸ் தலைவர் விட்டாரா? இங்கே பொலிஸ் மாநிலத்துக்குக் கீழே; மேயருக்கு அவர்கள்மேல் அதிகாரம் இல்லை. மேயர் குப்பை ஒழுங்காக அள்ளுப்படுகிறதா என்று பார்க்கட்டும், பொலிசை நான் பார்க்கிறேன் என்று பத்திரிகைக்குச் சொன்னார். அடுத்த சபைக் கூட்டத்தில் மேயர் பேச எழும்ப, பார்வையாளர் பகுதியில் சாதாரண உடுப்போடு வந்திருந்த பொலிஸ்காரர்கள் எல்லோரும் எழும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அங்கே இருந்தேன். அத்தனை முதுகுகளுக்கும் அவர் பேசி முடித்தார்.

பிறகு அரச வழக்கறிஞர் விசாரிக்கத் தொடங்கினார். எல்லாம் உங்களில் வந்து நின்றது. நீங்கள் அவனை அடையாளம் காட்டினால் மேயர் சொன்னது சரி. காட்டாவிட்டால் பொலிஸ் சொன்னது சரி. உங்கள் வீட்டில் இருந்து நான்தான் உங்களை உருவேற்றினேன். நீங்கள் "பாப்பம், தம்பி" என்று இழுத்தீர்கள். அக்கா அடுப்படியில் ஒன்றும் பேசாமல் நின்றா. அந்தப் பேசாமையை அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு விசித்திரம் இருந்தது. நீங்கள் தலையாட்ட மாட்டீர்கள். யார் என்ன கேட்டாலும் "ஓம்" என்று வாயால்தான் சொல்வீர்கள், தலை அசையாது. அத்தானுக்குப் பிறப்பிலேயே கழுத்துச் சுளுக்கு என்று நான் பகிடி பண்ணாத கொண்டாட்டம் இல்லை. நீங்களும் கூடவே சிரிப்பீர்கள்.

ஆளை அடையாளம் காட்டுகிற கண்ணாடி அறைக்குள் மொழிபெயர்க்க உங்களோடு நான்தான் வந்தேன். நம் இருவருக்கும் பெயர் வேறு; உறவா என்று யாரும் கேட்கவில்லை. நம் பக்கம் இருட்டு; அந்தப் பக்கம் வெளிச்சத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். நமக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு நம்மைத் தெரியாது. சிவத்த காதுக்காரன் நடுவில் நின்றான். அதிகாரி சொன்னதை நான் நல்ல தமிழில் உங்களுக்குச் சொன்னேன்.

"அவையளுக்கு உங்களைத் தெரியாது, அத்தான். பயப்படாதேங்கோ. வாய் திறக்கவும் தேவையில்லை. ஆளைக் கண்டா தலையை ஆட்டுங்கோ, காணும்."

என் கையைப் பிடித்தீர்கள்.

"ஏலாது, தம்பி."

"ஏன் ஏலாது? ஆள் நிக்கிறானெல்லே?"

"நிக்கிறான். எனக்கு ஏலாது. என்னை வெளியில கூட்டிக்கொண்டு போ."

அவ்வளவுதான். சாட்சி யாரையும் அடையாளம் காட்டவில்லை என்று எழுதி முடித்தார்கள். அந்தக் கிழமையே மேயர் சபையில் எழும்பி, பொலிசாரின் மனம் நோகப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தார். பொலிஸ் தலைவர் அவருடைய கையைக் குலுக்கிய படம் பத்திரிகையில் பெரிதாக வந்தது.

நான் உங்கள் வீட்டுக்கு வந்து, ஆட்கள் இருக்கத்தக்கதாகக் கத்தினேன். "உங்களுக்காக ஒரு மனுசன் தன்ர கழுத்தை நீட்டினான். உங்களுக்குத் தலையை ஆட்ட ஏலாமப் போச்சுது. பயந்தாங்கொள்ளி" என்றேன். மூத்த அத்தான் என்றும் பார்க்கவில்லை. நீங்கள் கோபிக்கவில்லை. "ஓம், தம்பி" என்றீர்கள். தலை அசையவில்லை.

எனக்கும் ஒரு வாய் இருந்ததே, அத்தான். அவன் வாசலில் நின்று சொன்னதைக் கேட்ட காது என்னுடையது. நான் போய்ச் சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளன் நடுநிலையாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சட்டம் பேசினேன். உண்மை என்னவென்றால் பொலிஸ் என்னைக் கூப்பிடாமல் விட்டுவிடும் என்ற பயம். அப்போ பயந்தாங்கொள்ளி யார்?

அதற்குப் பிறகு உங்கள் படி மிதிக்கவில்லை. ஒருநாள் தொலைபேசி எடுத்தீர்கள். "கோவம் ஆறினா வா, தம்பி. அக்கா கூழ் காய்ச்சிறா" என்றீர்கள். எனக்கு ரெர்மின் இருக்கு, ஒரு இடத்துக்குப் போகவேணும் என்றேன். ஒரு ரெர்மினும் இருக்கவில்லை. வீட்டில் சும்மா படுத்திருந்தேன். அடுத்த முறை தொலைபேசி அடித்தபோது அக்கா பேசினா. நீங்கள் உணவகத்தில் கோப்பை கழுவுகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டீர்கள் என்று சொன்னா. கூழ் என்றால் இப்போது எனக்குத் தொண்டையில் இறங்காது.

அந்தியேட்டி முடிந்து ஆட்கள் போன பிறகு அக்கா என்னை இருத்தி வைத்துச் சொன்னா. இனி எழுதப்போவதை எழுதலாமோ என்று நான் பல முறை கேட்டேன். "எழுது. ஒளிச்சு ஒளிச்சுத்தான் அந்த மனுசன் செத்தது" என்றா.

"உனக்குத் தெரியுமே, அவரை ஆமி பிடிச்சு வச்சிருந்தது" என்றா.

"தெரியும். அடிச்சுப்போட்டு விட்டவங்கள்."

"அடிச்சுப்போட்டுச் சும்மா விடேல்லை. சுத்திவளைப்புக்குக் கொண்டுபோய் ஜீப்புக்குள்ள இருத்தினவங்கள். சாக்கால முகத்தை மூடி."

தலையாட்டி. நம் ஊரில் அதைவிட அருவருப்பான சொல் இல்லை. ஊராரை வரிசையில் நடக்கவிடுவார்கள். சாக்குக்குள் இருக்கிறவன் இரண்டு ஓட்டையால் பார்ப்பான். அவன் தலையாட்டினால் முன்னால் போகிறவனை ஆமி கொண்டுபோகும், அந்த ஆள் அதோடு சரி.

"ஒருத்தருக்கும் ஆட்டாமத்தான் இருந்தவராம்" என்றா அக்கா. "பின்னால நிண்ட ஆமிக்காரன் துவக்கால இடிச்சு இடிச்சு, கடைசியில ஒருத்தருக்கு ஆட்டிப்போட்டார். சைக்கிள் திருத்திற கடைக்காரர். ஒண்டும் அறியாத மனுசன், திரும்பி வரேல்லை. உன்னை அவைக்குத் தெரியாது, பயப்படாதை எண்டுதான் அவங்களும் சொன்னவங்களாம்."

அந்த வசனத்தை இரண்டாவது முறை உங்களுக்குச் சொன்னவன் நான். உங்களை இருட்டுக்குள் நிறுத்தி, அவர்களுக்கு உங்களைத் தெரியாது, தலையை ஆட்டுங்கள் என்று, சுத்தமான யாழ்ப்பாணத்துத் தமிழில் சொன்னேன். நீங்கள் உங்களை உடைத்தவனுக்குக்கூட அதைச் செய்ய மறுத்தீர்கள். நான் அதற்கு உங்களைப் பயந்தாங்கொள்ளி என்றேன். என்னை என்ன செய்தால் தகும்? நீங்கள் இருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் விடமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

ஒன்றை மட்டும் உங்களோடு வாதாட ஆசைப்படுகிறேன், அத்தான். கோபிக்காதீர்கள். சாக்குக்குள் இருந்தவன் துவக்குக்காரனுக்காக, கையில் ஒன்றுமில்லாதவனைக் காட்டிக்கொடுத்தான். துவக்கு வைத்திருக்கிறவனையே, கையில் ஒன்றுமில்லாதவன் நேரே நின்று காட்டினால் அதுவும் தலையாட்டுகிறதா? எனக்கு இல்லையென்று படுகிறது. இதை அன்றைக்கே உங்கள் பக்கத்தில் இருந்து ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். நான் கத்தத்தானே தெரிந்தவன்.

இதைச் சும்மா நியாயத்துக்காகக் கேட்கவில்லை. போன மாதம் டோகோ நாட்டுப் பெண் ஒருத்தியை அதே ரயில் நிலையத்தில் மறித்திருக்கிறார்கள். மணிக்கட்டு உடைந்துவிட்டது. காது சிவந்தவன் என்று அவள் சொல்கிறாள். அவளுக்கு வேறு சாட்சி இல்லை. இவன் முன்பு ஒருக்காலும் இப்படிச் செய்ததில்லை என்று பொலிஸ் சொல்கிறது. மேயர் இந்த முறை வாயே திறக்கவில்லை. ஒருமுறை சூடுபட்ட பூனை. முதுகைக் காட்டி நின்றவர்களை அவர் மறந்திருக்க மாட்டார். அவர் பயந்து போனதில் என்னுடைய மௌனத்துக்கும் பங்கு இருக்கிறது.

அவளுக்கு ஆறுதல் சொல்ல, முன்பு இப்படி அடிபட்ட ஒரு தமிழரைக் கூட்டிவர முடியுமா என்று பிரௌ லீண்ட்னர் என்னைக் கேட்டார். ஆறுதல் வேண்டாம், நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். உங்கள் தோளைப் பற்றி அவன் வாசலில் நின்று சொன்னதையும், அதற்கு நான் நன்றி சொன்னதையும் அவருக்குச் சொன்னேன். பொலிசில் இனி எனக்கு வேலை இல்லை என்பது நிச்சயம். பரவாயில்லை, அக்கா வேலை செய்கிற இல்லத்தில் உருளைக்கிழங்கு சீவ ஆள் தேவையாம்.

செவ்வாய்க்கிழமை ரெர்மின். இந்த முறை உண்மையான ரெர்மின். அதே அறை. அவன் என்னைக் காணமாட்டான், பயப்படவேண்டாம் என்று பிரௌ லீண்ட்னரும் நல்ல மனதோடு சொன்னார். எனக்குக் கண்ணாடி வேண்டாம் என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இன்று காலை பதில் வந்தது. அப்படியே செய்யலாமாம்.

நேற்று அக்காவிடம் போய் உங்கள் குளிர்ச்சட்டையைக் கேட்டேன். அவ கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தா. கை கொஞ்சம் நீளம், நீங்கள் நெடுவல்தானே.

உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அத்தான். செவ்வாய்க்கிழமை இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன். அவனுக்கு நேரே நிற்பேன். அவன் என் முகத்தை நன்றாகப் பார்க்கட்டும். என் பெயரைச் சொல்லுவேன், உங்கள் பெயரைச் சொல்லுவேன். தலையாட்ட மாட்டேன். "இவன்தான்" என்று வாயால் சொல்லுவேன்.

அவனுக்கு நன்றி சொன்ன வாயால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கும்,
உங்கள் மச்சான்,
ரஞ்சன்