அந்த 386 பெட்டி தானா விழல

என் செல்ல அண்ணா,

உன் பழைய 386 கம்ப்யூட்டர் இப்போ போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. சாக்குத் துணி சுத்தி, அரக்கு முத்திரை வச்சு, சாட்சிப் பொருளாம். அதோட மூலையில உன் ரத்தமும் முடியும் ஒட்டிக் காய்ஞ்சு கிடக்கு.

பத்துபஸ்தியில இருக்கற உன் ரிப்பேர் கடைக்கு யார் போனோட வந்தாலும் அதைக் காட்டிக் கதை சொல்லுவியே. ஃபின்லாந்துல ஒரு காலேஜ் பையன் இதே மாதிரி 386 ஒண்ணு வாங்கி, அதோட சிப்பை நோண்டி நோண்டிப் பார்த்ததுல பொறந்ததுதான் லினக்ஸ், உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடறதும் அதான்னு. தன்கிட்ட இருக்கற மெஷினைத் தவிர வேற எதுலயும் அது ஓடாதுன்னு அவனே நினைச்சானாம். இப்போ வர்ற லினக்ஸ் 386-ல ஓடாதுன்னு தெரிஞ்சப்போ உனக்கு வந்த கோபம் இருக்கே. "பெத்தவளையே வீட்டை விட்டுத் துரத்திட்டானுங்க"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தே.

அந்தப் பெட்டி முழுக்க இரும்பு. அதைத்தான் என் புருஷன் தூக்கினான். அவன் அடி தாங்காம, புகுந்த ஊரு ரங்கத்துல இருந்து உன் கடைக்கு ஓடி வந்த என்னைத் தேடி வந்து முடியைப் பிடிச்சு இழுத்தான். "கையை எடுங்க மாப்ள"ன்னு மரியாதையாத்தான் சொன்னே. முதல் அடியில உன் பல்லு தெறிச்சு என் கால்ல விழுந்துச்சு. நீ சாய்ஞ்ச பிறகும் அவன் விடல. மண்டை உடைஞ்ச சத்தம் காதுலயே இருக்கு.

பூகம்பத்துல பெட்டி ரேக்குல இருந்து உன் தலையில விழுந்துச்சாம். அவன் வக்கீல் சொல்றார். அன்னைக்குக் காலையில லேசா ஆடினது நிஜம்தான். ஆனா அந்தப் பெரிய பூகம்பமும் சுனாமியும் வந்ததுக்கு அப்புறம் இந்தத் தீவுல கனமான சாமானை யாரு தலைக்கு மேல வைக்கறா? நீ அதைத் தரையிலதானே வச்சிருந்தே. படுபாவி, தீவுலயே பொறந்து வளர்ந்தவன், அதை யோசிக்கல.

மாமியார் வந்து என் காலைப் பிடிச்சாங்க. "பூகம்பம்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா, பாப்பாவுக்கு அப்பா வேணாமா?" பாவமாத்தான் இருந்துச்சு. அவனைக் கண்டா கத்தியால குத்திடுவேன்னு சொல்லி அனுப்பிட்டேன். வெறும் பேச்சு இல்ல அண்ணா.

நாளைக்கு கோர்ட்ல என்னைக் கூப்பிடறாங்க. பார்த்ததை அப்படியே சொல்லுவேன். பாப்பா வளர்ந்து கேட்டா அவகிட்டயும், "உங்கப்பாதான் அடிச்சார், உன் மாமா எனக்காக நின்னார்"னு சொல்லுவேன். சொல்லி முடிச்சா எனக்குப் புருஷனும் இல்ல, அண்ணனும் இல்ல. இருந்தாலும் சொல்லுவேன்.

நீ நடுவுல வந்ததால உயிரோட இருக்கற
உன் தங்கச்சி, செல்வி