பக்கவாட்டில் தடுப்பு இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல்தான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

பாதுகாப்பு ஆய்வாளரின் அறிக்கை வந்தது. மனைவி படித்தாள். "பிரஸ் மெஷினின் முன்பக்கம் தடுப்பு உள்ளது. தொழிலாளி தன் கவனக்குறைவால் பக்கவாட்டில் கையை நுழைத்துள்ளார். விதிமீறல் இல்லை."

பத்தொன்பது வருடம் அந்த மெஷினை ஓட்டியவன் நான். கவனக்குறைவாம்! என்னை வேலையை விட்டு அனுப்ப முதலாளிக்கு அந்த ஒரு வரி போதும்.

மார்ச் 5

சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆய்வாளனின் விரல்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வாளர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்டான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசினான்.

"ஆபத்தான பாகத்தை மறைக்கணும்னுதான் விதி. எது ஆபத்துன்னு நாங்கதான் முடிவு பண்ணணும். நீங்க நிக்கிறது முன்னாடி. பக்கத்துல உங்களுக்கு வேலையே இல்லையே, அங்க ஏன் கையை விட்டீங்க?"

"தகடு சிக்கும் சார். கொக்கிக் கம்பி அந்தக் கோடியில இருக்கு. போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் கத்துவாரு. எல்லாரும் பக்கத்துல கையை விட்டுத்தான் எடுப்போம்."

"எல்லாரும் செஞ்சா அது சரியாயிடுமா?"

ஐந்து விரலாலும் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டான். இவன் வந்து பார்த்ததே ஓடாத மெஷினை! நிறுத்தி, துடைத்து, பெயின்ட் வாசனையோடு காட்டினார்கள். பார்த்தான், டீ குடித்தான், போனான்.

மேல்முறையீடு செய்யப் போகிறேன். விடமாட்டேன்.

மார்ச் 19

"மனசுல இவ்வளவு விஷத்தை வச்சுக்காதீங்க, உங்களைத்தான் அரிக்கும்" என்றாள் மனைவி. சரி என்று தலையாட்டினேன். அவன் கை ஒரு தடவை அந்த மெஷினுக்குள் போக வேண்டும். ஒரே ஒரு தடவை.

ஏப்ரல் 2, புதன்

மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். மெஷின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்று மனுவில் கேட்டிருந்தோம். ஒப்புக்கொண்டார்கள். ஆய்வாளனும் வருவான். வரட்டும், வரட்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மேலதிகாரி ஒரு அம்மா. அதிகம் பேசவில்லை. "ஓட்டுங்க" என்றார். என் இடத்தில் இப்போது நிற்கும் நெட்டையன் ஓட்டினான். நான் தூண் பக்கம், மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனுக்கு அருகில் நின்றேன். ஆறு தகடு ஒழுங்காக விழுந்தது. ஏழாவது சிக்கியது. தகட்டை அழுத்தும் அச்சு மேலேயே நின்றுவிட்டது. சிக்கிய தகடு அசைந்தால் அது இறங்கும். எனக்குத் தெரியும், நெட்டையனுக்கும் தெரியும்.

அதிகாரி எதிரில் நிற்கிறாரே, நெட்டையன் ஒழுங்குப் பிள்ளையாகக் கம்பி எடுக்க அந்தக் கோடிக்கு நடந்தான். எல்லோரும் காத்திருந்தோம். ஆய்வாளனுக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கு ஏம்ப்பா அவ்வளவு தூரம்? சின்ன விஷயம்!"

பக்கவாட்டில் கையை விட்டான்.

பார்த்துக்கொண்டே நின்றிருக்கலாம். ஒரு நொடிதான். இதற்காகத்தானே ஒன்றரை மாதம் காத்திருந்தேன்? "கை! கை!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது நான்தான். பட்டனை அடித்ததும் நான்தான். அச்சு அவன் விரலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

அந்த அம்மா அவனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க உங்களுக்கு என்ன வேலை?"

அவன் கையை வெளியே இழுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 16

ஏன்டா பட்டனை அடிச்ச? முட்டாள். முட்டாள். அவன் இன்றைக்கும் பத்து விரலால் சட்டைக்குப் பட்டன் போட்டிருப்பான்.

மே 6, செவ்வாய்

உத்தரவு வாங்கப் போனேன். 'கவனக்குறைவு' நீக்கப்பட்டது. வேலை செய்பவர் கை எங்கே போகுமோ அங்கெல்லாம் தடுப்பு வேண்டும், நின்ற மெஷினைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. சேமிப்புக் கிடங்கில் எனக்கு வேலை தர வேண்டும் என்றும் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

வெளியே வந்தால் நடைவழியில் அவன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. "அன்னிக்கு நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று கையை நீட்டினான்.

இடது கையைக் கொடுத்திருக்கலாம். வலது கையைக் கொடுத்தேன். மிச்சமிருக்கும் இரண்டு விரலை அவன் பிடித்தாக வேண்டியிருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். கையை இழுக்கப் பார்த்தான். நான் விடவில்லை.