சமையலறையில் இருந்த ஒன்பது கைகள்

ஹார்லோ மில்ஸ், வெர்மான்ட்
புதன், மார்ச் 6, 1996

அன்புள்ள லைல்,

நானும் பிள்ளை வெண்டலும் இங்கே நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன். நீயும் அந்த மீன் கப்பலில் கை கால் விறைக்காமல் நலமாக இருக்க வேண்டும். இதை அங்கே உனக்கு வாசித்துச் சொல்லப்போகும் ஓரின் அண்ணனுக்கும் என் வணக்கம். அண்ணே, போன கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் அதில் ‘என் கண்ணே’ என்று இரண்டு இடத்தில் வருகிறதே, அது லைல் சொன்னதா, நீங்களாகச் சேர்த்ததா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. யார் சொன்னதாக இருந்தாலும் சரி, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வெண்டலுக்குக் காதுவலி தேவலை. வண்டியின் புகைக்குழாய் கழன்றுவிட்டது. கம்பி கட்டி ஓட்டுகிறேன், மூன்று தெரு தள்ளியே நான் வருவது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பனி உருகத் தொடங்கிவிட்டதால் நம் பாதை முழுக்கச் சேறு. உன் அப்பா பாகு காய்ச்ச மேப்பிள் மரங்களில் வாளி மாட்டிவிட்டார், சாறு நன்றாக ஓடுகிறது. நல்ல செய்தி இவ்வளவுதான்.

நேற்று ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடம் தோற்றுவிட்டது லைல். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் முடிவு இதுதான் என்பதால் நேராகவே எழுதிவிட்டேன்.

ஓரின் அண்ணனுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். இங்கே பழைய வெண்ணெய்ப் பண்ணைக் கட்டடத்தில் ஒரு பள்ளி நடக்கிறது. கீழே பிள்ளைகள், மாடியில் பெற்றவர்கள். ஒரே பேருந்து எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும். வெண்டல் கீழே எழுத்துப் படிப்பான். நான் மேலே, பதினாறு வயதில் விட்டுப்போன படிப்பைப் படிக்கிறேன். அதோடு நர்ஸ் பயிற்சிக்கும் தயாராகிறேன். கடைசி ஒரு மணி நேரம் எல்லாரும் கீழே இறங்கி வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டுத் தன் பங்குப் பணத்தைத் தந்தால்தான் மாநிலமும் தன் பங்கைப் போடும். ஊர் கையை விரித்தால் இரண்டும் இல்லை. எனக்கு ஜூனில் பரீட்சை. பள்ளி மூடினால் பேருந்தும் இல்லை, வெண்டலைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. மறுபடி முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. அந்த ஈரத் துணி நாற்றம் இப்போதே மூக்கில் ஏறுகிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஊரில் உன் அப்பாவைத் தவிர இந்தப் பள்ளியைப் பிடிக்காதவர்கள் என்று யாருமே இல்லை. கடைக்கார வெர்னனைக் கேள், “ரொம்ப நல்ல காரியம்மா” என்பார். “ஆனா எங்கப்பன் ஆத்தா எங்களை வளக்கலையா? அவங்களுக்கு யாரு பள்ளிக்கூடம் நடத்துனா?” என்பதும் அதே வாய்தான். குளிர்காலம் முழுக்க ஆதரவு கேட்டுப் போன வாசலிலெல்லாம் இந்த ‘ஆனா’வைக் கேட்டுக் கேட்டுச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன். நன்றி சொல்லிச் சொல்லியே என் தாடை வலிக்கிறது. பாலம் கட்ட ஊர்ப் பணம் வாங்கும் ஒப்பந்தக்காரர் யாருக்காவது நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் கூட்டத்துக்கு மதியச் சாப்பாட்டை எங்கள் பள்ளித் தாய்மார்களே சமைப்பது என்று எங்கள் டீச்சர் ஜெனீவா முடிவு செய்தாள். “வயிறு நெறஞ்சா மனசும் எளகும். நம்ம தீர்மானம் எப்படியும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான வரும்? ரோட்டுக்கு ஜல்லி போடுற சண்டையே மத்தியானம் வரைக்கும் ஓடும்” என்றாள். அது சரியாகத்தான் பட்டது. எந்த வருஷம் ஜல்லிச் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கிறது? அதனால் பன்றித்தொடை, சர்க்கரைப்பாகில் வேகவைத்த பீன்ஸ், முட்டைக்கோஸ் கலவை, ரொட்டி, பழம் அடைத்துச் சுட்ட ‘பை’ பதினான்கு வகை என்று விடியலிலிருந்தே அடுப்படியில் கிடந்தோம். ஆப்பிள் பை நான் செய்தது.

கூட்டம் நடக்கும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே அந்தப் பரிமாறும் ஜன்னல் உனக்கு ஞாபகம் இருக்கும். பாத்திரச் சத்தம் கூட்டத்தைக் கெடுக்கிறது என்று தலைவர் பிரெண்டிஸ் அதன் பலகையை இழுத்து மூடச் சொல்லிவிட்டார். மூடினோம். உள்ளே காற்றாடி இரைச்சல் வேறு. எங்களோடு படிக்கும் ரோக்ஸான் அவள் மாமியார் நடப்பதைப் போல நடந்துகாட்டினாள், நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். ஜல்லிக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரம் வந்ததும் பலகையைத் தூக்கினோம். ஒன்பது பேரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம், எதிரே ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. முதலில் வந்தவர் வெர்னன். பீன்ஸ் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “மன்னிச்சுக்கங்கம்மா, மனசுல பகை ஒண்ணுமில்ல. வரி ஏறிக்கிட்டே போவுது” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் ஜெனீவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள், முகம் சுண்ணாம்பாக இருந்தது. எங்கள் தீர்மானத்தை யாரோ முன்னால் இழுத்துவிட்டார்களாம். வாக்கெடுப்பே முடிந்துவிட்டதாம். ஆறு கை குறைந்து தோற்றுவிட்டோம்.

ஆறு கை. சமையலறையில் நாங்கள் ஒன்பது பேர், ஆளுக்கொரு கரண்டியோடு.

இங்கே ஆள் நேரில் நின்று கை தூக்கினால்தான் வாக்கு, சீட்டெல்லாம் கிடையாது. அடுத்த தீர்மானத்தைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு முந்தையதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அவர்கள் தீயணைப்பு வண்டிக்கு ரப்பர் குழாய் வாங்குவதைப் பற்றிப் பேசியும் முடித்திருந்தார்கள். ஜெனீவா ஏன் கதவைத் தட்டவில்லை என்று கேட்டேன். அவள் பக்கத்து ஊர்க்காரி, இங்கே வாக்கு இல்லாதவள். பேசுவதற்கு அனுமதி கேட்டு நின்றிருக்கிறாள், அனுமதி வருவதற்குள் கையெண்ணிக்கை தொடங்கிவிட்டது.

பிறகு என்ன, பரிமாறினேன். பந்திக்கு முந்துகிறவர்கள் முந்தினார்கள். எங்களுக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் இரண்டாம் முறையும் வந்து நின்றார்கள். என் ஆப்பிள் பை முதலில் தீர்ந்தது.

இனி சொல்லப்போவதை ஓரின் அண்ணன் நிதானமாகப் படிக்க வேண்டும். தீர்மானத்தை முன்னால் இழுத்தது உன் அப்பா.

ஆல்டன் மாமா எழுந்து நின்றதும் கூடமே நமட்டுச் சிரிப்புச் சிரித்ததாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதர், பள்ளியைப் ‘பிச்சைக்கூடம்’ என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர், வேறென்ன பேசப்போகிறார் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். எனக்கும் விஷயம் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. சொந்த மருமகளின் அடிவயிற்றில் அடித்துவிட்டாரே என்று தட்டுகளை வீசிக் கழுவினேன். ஒன்று உடைந்தது. மாதாகோயிலில் இரவல் வாங்கிய தட்டு, திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. கை ஓயவில்லை, மனசு ஓய்ந்துவிட்டது.

ஞாயிறு

தபாலில் போடாமல் வைத்திருந்ததும் நல்லதுக்குத்தான். வியாழன் காலை ஆல்டன் மாமா வந்தார். பின்வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. ஒரு டப்பா புதுப் பாகு கொண்டுவந்திருந்தார். நானும் வாருங்கள் என்று சொல்லவில்லை.

“சாறு வாளி வாளியா ஓடுது, சட்டுனு போயிக் காய்ச்சணும். போறதுக்கு முன்னாடி என் கையத் தூக்கிட்டுப் போயிரலாம்னுதான் முன்னாடி எடுக்கச் சொன்னேன்” என்றார். எதற்காகத் தூக்க என்று கேட்டேன். “உனக்காகத்தாம்மா. பையனுக்காக” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஜெனீவாவைக் கேட்டேன். உண்மைதானாம். வெண்டல் மாட்டுத்தொழுவத்தில் தீவன மூட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டுகிறான், நாற்பது வருஷமாகத் தோளில் சுமந்த மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்கு இப்போதுதான் தெரியும் என்று மாமா ஊர்நடுவே நின்று சொல்லியிருக்கிறார். நான் கேட்ட கைத்தட்டல் அதற்குத்தான். தட்டிவிட்டு எதிராகவும் வாக்களித்திருக்கிறார்கள், அது வேறு.

“நாங்க அத்தனை பேரும் உள்ள இருக்கோம்னு உங்களுக்குத் தோணலையா மாமா?” என்று கேட்டேன். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீங்கல்லாம் உள்ள இருக்கீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே” என்றார். எழுபது வருஷமாக ஊர்க்கூட்டத்தில் சாப்பாடு தானாக மேசைக்கு நடந்து வருகிறது என்று நம்பிய மனிதர் லைல், உன் அப்பா. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. சிரிப்பு வந்துவிட்டது, அப்படியே அழுகையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

போதுமான பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் ஊர் மறுபடி கூடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். எனக்கு இன்னொரு கதவைத் தட்டி இன்னொரு ‘ஆனா’வைக் கேட்கச் சக்தி இல்லை என்று சொல்லிவிட்டேன். மாமா கையெழுத்து வாங்கவேண்டிய தாள்களை என் மேசையிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். சாறு ஓடுகிற வாரத்தில் வாளிகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். வாழ்நாளில் ஒரு நாள் சாற்றைக்கூட வீணாக்காதவர். “மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். போடுங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாராம். வெர்னன்கூடப் போட்டுவிட்டார். வாக்கு எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது, கேட்டால் ‘ஆனா’ என்பார்.

ஆகவே ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மறுகூட்டம். இந்த முறை யாரும் சமைக்கப்போவதில்லை. பசித்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும் என்று ரோக்ஸான் சொன்னாள், நாங்கள் எல்லாரும் ஆமாம் என்றோம். போன முறை வராத வரிக்கவலைக்காரர்களும் இந்த முறை வருவார்கள், அதனால் ஜெயிப்போம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு கையும் வேண்டும்.

கப்பல் இந்த மாதக் கடைசியில் கரைக்கு வருகிறது, கோடைக்கும் நீ அங்கேயே வேலைக்குக் கையெழுத்துப் போடப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். பணம் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ போனது பணத்துக்காக மட்டும்தானா என்று நான் கேட்டதில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் நீ பள்ளி வாசல் வரைக்கும் வந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜெனீவா காப்பிக் கோப்பையோடு வெளியே வந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். வெண்டல் உன்னைப் பார்த்துவிட்டான். “அப்பாவுக்கு வெக்கமா இருக்கும்மா. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு” என்றான். ஐந்து வயது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை ஈரமானால் உடனே மாற்று. ஓரின் அண்ணே, இத்தனை நேரம் உங்கள் தொண்டையைக் கடன் கொடுத்ததற்குக் கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும். இங்கே நிறுத்திவிடுங்கள். இதற்குக் கீழே இருப்பதைப் படிக்காமல் தாளை லைல் கையில் கொடுத்துவிடுங்கள். அவன் கேட்டாலும் சொல்லாதீர்கள், அவனே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். பெரிய எழுத்தில், வெண்டலுக்குத் தெரிந்த சொற்களாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். எழுதி முடித்து அவனிடம் கொடுத்தேன், ஒரு தப்பும் இல்லாமல் படித்தான்.

லைல்.
நான் கோரா.
நான் நலம் இல்லை.
நான் ரொம்பக் களைத்து விட்டேன்.
உன் அப்பா கை தூக்கினார்.
நீ வா. நீயும் கை தூக்கு.
வெண்டல் பக்கம் ஒரு நாற்காலி காலி.
அது உனக்கு.
மெல்லப் படி. அவசரம் இல்லை.
ஆனா வா.