எழுபது கிலோமீட்டர் மிச்சம்

திருவொற்றியூர் குப்பம்,
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை மங்கை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அவசரப்பட்டு அங்கே தாண்டிப் போகாதே. விடுப்பு முடிந்து நாளை பஹ்ரைனுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டுத் துரையிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ மீன் பிடிக்கப் போட்டில் ஏறும் நேரத்தில் கொடுக்க வேண்டாம், நீ கரையிறங்கிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு கொடுத்தால் போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். நம் வீடு ஒற்றை அறை. நான் எதைப் பேசினாலும் அம்மா காதில் விழும்.

நீ வாங்கிக் கொடுத்து நான் வாடகைக்கு ஓட்டும் மின்சாரக் காரை விற்கப் போவதாக நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. மாதக் கடைசியில் அதை வாங்க யானைக்கவுனிக்காரர் வருவார், மறுபேச்சு பேசாமல் சாவியைக் கொடுத்துவிடு என்றிருந்தாய். முன்னூறு கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி விற்ற வண்டி இருநூறுகூட ஓடவில்லை, பேட்டரி வீணாகிவிட்டது என்கிறாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மதியத்தில் வண்டி கடற்கரைக் கருங்கல் ஓரமாக ஒரே இடத்தில் நிற்கிறது, சார்ஜ் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது, உள்ளே யாரோடு உட்கார்ந்திருக்கிறாய் என்றும் கேட்டிருந்தாய். வண்டி நிற்கும் இடம் உன் போனில் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அது தெரிந்தும் திருட்டுத்தனம் செய்யும் அளவுக்கு நான் மக்கு இல்லை. படித்ததும் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் வண்டியின் கதையைக் கேள். சர்வீசில் பேட்டரியைப் பரிசோதித்துப் பார்த்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. முன்னூறு என்பது மிதமான வெயிலில், நல்ல சாலையில், ஏசி போடாமல் ஓட்டிப் பார்த்த கணக்காம். நம் பக்கம் அப்படி ஒரு நாள் எப்போது வந்தது? எண்ணூர் சாலை காலியாக இருக்கிறதே என்று வேகமாக மிதித்தால் சார்ஜ் மளமளவென்று இறங்கும். டயரில் காற்று குறைந்தாலும், நாலு பேர் மூட்டையோடு ஏறினாலும் இறங்கும். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது பிரேக் பிடித்தால் கொஞ்சம் திரும்பி ஏறவும் செய்யும். ஆனால் இந்த வெயிலில் ஏசி இல்லாமல் எந்தச் சவாரி ஏறும்? மணலி புதுநகரில் இருந்து பாரிமுனைக்கு ஆபீஸ் போகிற பெண்களைத்தான் தினமும் ஏற்றுகிறேன். ஏசியை ஒரு புள்ளி குறைத்தால்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

நீ மீன்பிடி போட்டின் கணக்கிலேயே பார்க்கிறாய். இன்ஜினை அணைத்து நங்கூரம் போட்டுவிட்டால் டீசல் செலவு கிடையாது. இது அப்படி இல்லை அண்ணா. வண்டி ஓரடி நகராமல் நின்றாலும் உள்ளே ஏசி ஓடினால் அது பேட்டரியைத்தான் தின்னும். மதியத்தில் இறங்குகிற சார்ஜ் அதுதான். நீ கேட்டாயே உள்ளே யார் என்று. அம்மாதான் உட்கார்ந்திருக்கிறாள்.

போன ஐப்பசியில் இருந்தே அவளுக்கு மூச்சு சரியில்லை. சளிதான் என்று உன்னிடம் சொன்னது அவள் சொல்லச் சொன்னது. ராயபுரத்தில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, மாத்திரை அதை மெதுவாக்கும், ஆனால் நிறுத்தாது என்றார். புழுதியும் புகையும் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரி படிகிற ஊரில் அப்படி ஓர் இடத்துக்கு நான் எங்கே போவேன்? ஷீட் போட்ட வீட்டில் ஏசி வைத்தாலும் குளிர் நிற்காது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது, வெளிக்காற்று வராதபடி கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தேன். டோல்கேட் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள். வாரக்கணக்கில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தவள். அவளை எழுப்ப மனம் வராமல் கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து மதியச் சவாரி எடுப்பதில்லை. முன் சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்க வைக்கிறேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா? உனக்குச் சின்ன வயதில் அம்மை கண்டபோதுகூட, நைனா வலையை இறக்கிவிட்டுக் கரையேறிய பிறகுதானே அம்மா வாயைத் திறந்தாள். "கடல்ல கீற ஆளுக்கு வூட்டு நோவ சொல்லக் கூடாதுடி, கை தடுமாறும்" என்பாள். நீ பஹ்ரைன் போய் மூன்று வருஷம் ஆகிறது. நீ அறையில் தூங்கினாலும் கடைக்குப் போனாலும் அவள் கணக்கில் இன்னும் கடலில்தான் இருக்கிறாய். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "எம் புள்ள இன்னும் கரை ஏறல" என்று ஒரே பேச்சு.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். காருக்குள் படுத்திருந்தாலும் அவள் கண் ஸ்டீயரிங் பக்கத்துத் திரையில்தான் இருக்கும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று அதில் எண் காட்டுமே, அதைத்தான் பார்ப்பாள். எழுபதுக்கு வந்ததும் ஏசியை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிடுவாள். நன்றாகத் தூங்கினாலும் அந்த நேரத்துக்கு எப்படியோ விழித்துக்கொள்கிறாள். வெளியே அனல் அடிக்கும், நாலு எட்டு வைப்பதற்குள் இரைக்கும். இன்னும் கொஞ்ச நேரம் படு, சாயங்காலம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றால் கேட்பதில்லை. "புள்ள திடீர்னு வந்து எறங்குனா இன்னா பண்ணுவ? மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போய் இட்டுகினு வர எழுவது வோணும்" என்கிறாள். நைனா திரும்பி வருவதற்கென்று டீசலை ஒதுக்கி வைப்பாரே, அதே போலத்தான்.

வண்டி உன் உழைப்பு. நீ கொடு என்றால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன், எதிர்த்துப் பேச மாட்டேன். அதற்கு முன் உன் போனில் போன மாதத்து மதியங்களை ஒருமுறை எடுத்துப் பார். ஒரு நாளும் அந்த எண் எழுபதுக்குக் கீழே இறங்கியிருக்காது. அது உனக்காக அவள் தன் மூச்சில் இருந்து எடுத்து வைத்தது. டாக்டர் நாள் எதுவும் குறித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை.

கடலம்மா உன்னை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும். சீக்கிரம் வா அண்ணா. வந்து அந்த எழுபதைச் செலவு செய்துவிடு. அதன் பிறகாவது அவள் பாதியில் இறங்காமல் தூங்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
மங்கை