அண்ணியோட எண்ணெயில நான் ஊத்தினது

எங்கண்ணன் வூட்டு மகராசி, என் அண்ணிக்கு,

நான் சொல்லச் சொல்ல எதுர்வூட்டு ரோஸி டீச்சர் எழுதறாங்க. எனக்கு எழுதத் தெரியாது, உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் சொல்லிடறேன்.

நீ போயிச் சேந்து நாலு மாசமாச்சு. தாம்பரத்துல மழையே இல்ல, கெணத்துல கயிறு எட்டல. பல்லாவரம் சந்தையில ஒரு ஆட்டுக்காரன் உங்கிட்ட வம்புக்கு நிப்பானே, அவன் ஆட்டுக்கு ஒரு கொம்புதான் இருக்கும், அது மூணு குட்டி போட்டுச்சாம். "எங்க அந்தம்மா?"ன்னான். "ஊருக்குப் போயிருக்காங்க"ன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியல அண்ணி. சரி, ஆட்ட வுடு. எண்ணெய் கதைக்கு வரேன்.

அண்ணன் முட்டிவலிக்கு நல்லெண்ணெயில வெட்டிவேரு, மரிக்கொழுந்து ஊறவெச்சுத் தடவுவியே, நீ போறப்ப அதுல கால் பாட்டில் மிச்சம் இருந்துச்சு. அரக்குக் கலர் மருந்து பாட்டிலு, தண்ணிப்பானைக்கு அடியில மணல்ல, வெயில் படாம. கழுத்து வரைக்கும் நெரப்பி வெப்ப. காத்துக்கு எடம் குடுத்தா காறிப்பூடும்னுவ. பாட்டில் கழுத்துல கட்டின நூல்ல மாசத்துக்கு ஒரு முடிச்சு போடுவ. ஆறு முடிச்சு ஆயிடுச்சுன்னா அதத் தொடமாட்ட.

அண்ணன் ரயில் ஷெட்டு வேலைக்குப் போறாரு, வராரு, சாப்புடறாரு. பேச்சு இல்ல. சனிக்கெழமை மட்டும் காலை நீட்டுவாரு. உன் எண்ணெய் வாசனைக்குத்தான். அது தீந்துட்டா அவரு இன்னா ஆவாரு? அந்த பயத்துல, கொறையக் கொறைய செக்கு எண்ணெய வாங்கி மேல ஊத்திகினே வந்தேன். பழசு மேல புதுசு ஊத்தாதேன்னு நீ நூறு தபா சொன்னதுதான். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

போன சனிக்கெழமை தக்கைய எடுத்தேன். சிக்கு வாடை. வெட்டிவேரு வாசனை எங்கியோ பூடுச்சு. அதையே அவரு முட்டியில தடவினேன். அண்ணன் குனிஞ்சு மோந்து பாத்தாரு.

"காறிப்போச்சு."

"நாந்தாண்ணே. தீந்துடக் கூடாதுன்னு புது எண்ணெய ஊத்திட்டேன்."

"நீயுமா?"

"நீயுமான்னா?"

"நீ தண்ணிக்குப் போற நேரமாப் பாத்து நானும் ஊத்திகினுதான் இருந்தேன்மே."

அப்ப அதுல உன்னுது எவ்ளோ இருந்துச்சு அண்ணி? ஒரு சொட்டாச்சும்?

டீச்சர் பேனாவ நிறுத்திட்டாங்க. "இதையும் எழுதணுமாக்கா?"ங்கறாங்க. எழுதும்மா, அண்ணிக்குத் தெரியாம எங்க வூட்டுல இன்னா கீதுன்னேன்.

நாங்க சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. அண்ணன் காலத் தொடச்சுகினு மண்ணெண்ணெய் க்யூவுக்குப் போயிட்டாரு. நான் அரிசி களஞ்சேன். எனக்கு ஒண்ணுமே வரல அண்ணி, கண்ணுல தண்ணி கூட.

நாளைக்கு அந்த எண்ணெயக் கொட்டிடுவேன். பாட்டிலச் சீயக்கா போட்டுக் கழுவி, ஈரமில்லாமக் காயவெச்சு, புதுசா ஊறவெப்பேன். அது என் கை எண்ணெய், உன் வாசனை வராது. வருதுன்னு அவருகிட்ட பொய் சொல்லமாட்டேன். அண்ணன் காலை நீட்டினா தடவுவேன். நீட்டலன்னாலும் எழுந்து போகமாட்டேன், பக்கத்துலயே உக்காந்திருப்பேன். இது சத்தியம்.

உன்னோட அடுப்படியில சண்டை போட்ட நாத்தனா,
பச்சையம்மா